பெரியும்மா பேரில் போன சாச்சி

மாரி மழை விட்டு முதல் வெயில் எறிக்கும் நாளில் அலுமாரியின் அடித்தட்டைக் காலி செய்து எல்லாவற்றையும் வெளியே காயப்போடுவது என் வழக்கம். கடலுக்குக் கிட்டே இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து தோலையும் துணியையும் பூஞ்சணம் பிடிக்க வைத்துவிடும். அந்தத் தட்டில், பழைய துவாய் ஒன்றில் சுற்றியபடி ஒரு சோடிச் செருப்பு இருக்கிறது. ஒட்டகத் தோல் என்று சொல்லி அஜ்மீர்க் கடைத்தெருவில் விற்றது. முனை கொஞ்சம் வளைந்திருக்கும், மேலே சிவப்பு நூல் வேலை. இடது செருப்பு கிட்டத்தட்டப் புதிது. வலது செருப்பு மட்டும் குதிப் பக்கத்தில், வெளி விளிம்பில், ஒரேயடியாகத் தேய்ந்து சரிந்துபோயிருக்கிறது. பல வருடங்கள் காலை இழுத்து நடந்த ஒருவருடையது என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள். அதை வாங்கியவர் என் சாச்சி. போட்டது சில வாரங்கள்தான். சாச்சிக்குக் காலில் ஒரு குறையும் இருந்ததில்லை. காலை இழுத்து நடந்தவர் அவருடைய ராத்தா, என் பெரியும்மா. சாச்சி அந்தச் செருப்பை வாங்கும்போது பெரியும்மா மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது.

என் உம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரியும்மா மூத்தவர், சாச்சி இளையவர். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. ஆகவே மூன்று பேருக்கும் ஒரே வளவுக்குள் மூன்று வீடுகள். உம்மாவின் வீடு இப்போது என்னுடையது. பெரியும்மாவுக்குப் பிள்ளை இல்லை. இளம் வயதிலேயே விதவையாகி, வீங்கிய வலது காலை இழுத்துக்கொண்டு எங்கள் எல்லாருடைய வீட்டிலும் வேலை செய்துகொண்டிருந்தார். எந்த வாசலிலும் அவர் செருப்பைக் கழற்றி வைத்திருப்பதை வைத்தே அவர் உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். வீங்கிய காலைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் எடுக்கவேண்டும் என்பதால் வலது செருப்பு எப்போதும் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும்.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது பெரியும்மா கடற்கரைப் பள்ளிவாசலின் கொடிமரத்தடியில் நின்று நேர்ச்சை வைத்தார். இந்தப் பிள்ளை தங்கினால், அதற்குப் பால்பல் முளைத்து முடியுமுன் நாகூருக்கும் அஜ்மீருக்கும் தானே தூக்கிக்கொண்டு போவேன் என்று. மகள் தங்கினாள். பெரியும்மா பாஸ்போர்ட்டும் எடுத்தார். எங்கள் பகுதியில் இருந்து தர்காக்களுக்குச் சியாரம் செய்ய ஆட்களைக் கூட்டிப் போகும் ஹாஜியார் ஒருவரிடம் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பிடித்தார். பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டார்.

என் கணவர் அப்போது குவைத்தில். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நேர்ந்தவர் இல்லாமல் நான் மட்டும் பிள்ளையைக் கொண்டு போனால் அது நிறைவேறுமா, போகாமல் விட்டால் பிள்ளைக்கு ஏதும் வருமா என்று இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து உறக்கம் கெட்டேன். படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று என்னையே கேட்டும் பார்த்தேன். பயம் போகவில்லை. அப்போதுதான் சாச்சி சொன்னார்.

“நீ ஏன்கா கிடந்து சாகிறாய்? ராத்தாட நேர்ச்சைய ராத்தாவாவே போய் முடிச்சிட்டு வாறன். அவட பாஸ்போர்ட் சும்மாதானே கிடக்கு.”

இருவருக்கும் ஒரே முகவெட்டு. பாஸ்போர்ட்டில் முக்காடு போட்டிருந்த படத்தைப் பார்த்தால் எனக்கே தடுமாறும். ஹாஜியார் முதலில் மறுத்தார், பிறகு ஒரு கண்டிப்போடு ஒத்துக்கொண்டார். வளவு வாசலைத் தாண்டியதில் இருந்து திரும்பித் தலைமன்னாரில் இறங்கும்வரை சாச்சியின் சொந்தப் பேரை யாரும் வாயால் எடுக்கக்கூடாது. அறைக்குள்ளே கூட. சின்னப் பிள்ளையின் நாக்கு எங்கே தவறும் என்று சொல்ல முடியாது. ஆகவே நானும் மகளும் அவரைப் பெரியும்மா என்றே கூப்பிட வேண்டும். கூட்டத்தில் பகிடிக்காரர் ஒருவர் இருந்தார், நிந்தவூரில் அரிசிக்கடை வைத்திருந்தவர். “மௌத்தானவகளுக்கும் டிக்கட் எடுத்துக் குடுக்கிற ஆள் நம்மட ஹாஜியார்தான்” என்று அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். சாச்சிதான் அதிகம் சிரித்தார்.

போகும்போது ஒன்றும் இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் ரயில் பிடித்து, நாகூர், சென்னை, டெல்லி, அஜ்மீர் என்று ரயிலிலும் பஸ்ஸிலும் கிடந்து போனோம். பெரியும்மா என்று கூப்பிடும்போதெல்லாம் சாச்சி எனக்கு ரகசியமாகக் கண்ணடிப்பார். அஜ்மீரில் மகளைத் தூக்கிக்கொண்டு தர்கா நெரிசலுக்குள் போனவர், வெளியே வரும்போது முகம் வெளுத்துப் போயிருந்தார். அன்று பின்னேரம்தான் அந்தச் செருப்பை வாங்கினார். அதன்பிறகு அவர் எனக்குக் கண்ணடிக்கவில்லை. அதை நான் பல நாள் கழித்தே கவனித்தேன்.

திரும்பி வரும் வழியில் அவர் காலை இழுக்கத் தொடங்கினார். செருப்புக் கடித்துப் புண்ணாக்கியிருக்கும் என்று நினைத்து, சென்னை ரயில் நிலையத்தில் மருந்து பூசக் காலைக் காட்டச் சொன்னேன். புண் இல்லை. வீக்கமும் இல்லை. “எனக்கு எண்டைக்கும் இரிக்கிற நோவுதானே மன” என்றார், பெரியும்மா என்னைச் செல்லமாகக் கூப்பிடும் அதே சொல்லால்.

இராமேஸ்வரத்துக்கு வந்து சேர்ந்தபோது கடல் கொந்தளிப்பாக இருந்ததால் கப்பல் ஓடவில்லை. சில நாட்கள் நாங்கள் ஒரு வாடகை வீட்டில் காத்துக் கிடந்தோம். என் நினைவில் அந்தப் பயணம் முழுவதையும் மூடிக்கொண்டு நிற்பவை அந்த நாட்கள்தான். நாள் முழுக்கக் காற்று. கதவைச் சாத்தினாலும் மணல் உள்ளே வந்து, சோற்றிலும் பிள்ளையின் இமையிலும் படிந்தது. நல்ல மத்தியான வெளிச்சத்தில் சாச்சி சுவரோரம் உட்கார்ந்து மகளை மடியில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அலிஃப், பே, தே என்று சொல்லி, கடைசி விரலைப் பல் படாமல் கடிப்பார். மகள் கெக்கலித்துச் சிரிப்பாள். அது பெரியும்மாவின் விளையாட்டு. ஒரே வளவில் இருந்தவர், பார்த்துப் பழகியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேநீரைச் சீனிக்கட்டியோடு குடிக்கும் சாச்சி, இப்போது கருப்பட்டி கேட்டதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வாசலில் எங்கள் எல்லாருடைய செருப்புகளும் கிடந்தன. அவற்றில் ஒரு வலது செருப்பு வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அதற்குச் சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை.

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “அலுப்பு புள்ள. ஊர்க்காத்துப் பட்டா எல்லாம் சரியாகும். நீங்க அவவக் குழப்பாதங்க. இன்னும் ரெண்டு இடத்தில முத்திரை குத்த இரிக்கி” என்றார். அவர் சொன்னதும் சரிதான் என்று பட்டது. ஆனால் எனக்கு அந்த முத்திரைகள் மனதில் இல்லை. சாச்சிக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கு ஐந்து வயது. புறப்படும்போது அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “எங்கட உம்மாவ கவனமாக் கொண்டு வாங்க ராத்தா” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் யாரைக் கொண்டுபோய் அவளிடம் விடப்போகிறேன் என்பதுதான் என் கவலை.

கப்பல் ஓடிய நாளில் காற்று விழுந்து, கடல் எண்ணெய் விட்டது போல அசையாமல் கிடந்தது. மேல்தட்டில் சாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் பார்த்து நின்றார். நான் மெதுவாகக் கிட்டப் போய்ச் சிரித்துக்கொண்டு சொன்னேன். “நாளைக்குச் சின்னவள் உங்களக் கட்டிப்புடிச்சா விடமாட்டாள்.”

“ஆர்ட சின்னவள் மன?”

“உங்கட சின்னவள்தான்.”

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்கும் பார்வை. “எனக்கேது புள்ள? இவள்தானே எனக்கு” என்று மகளின் தலையைத் தடவினார். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. மகளை அவரிடமிருந்து வாங்க வேண்டும் என்று தோன்றியது. வாங்கினால் என்ன ஆகுமோ என்றும் தோன்றியது. வாங்காமலே நின்றேன்.

தலைமன்னாரில் அதிகாரி பெரியும்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் தடுமாறாமல் போய் நின்றார். வெளியே வந்ததும் ஹாஜியார் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, “தங்கச்சி, இனி உங்கட பேர உங்களிட்டயே தந்திட்டன். நல்லா வெச்சிக்கங்க” என்றார். அரிசிக்கடைக்காரர் சிரித்தார். சாச்சி சிரிக்கவில்லை. நான் பின்னால் நின்று, “சாச்சி” என்று கூப்பிட்டேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பிறகு மகள், “பெரியும்மா, தண்ணி” என்றாள், மெல்லிய குரலில். அவர் உடனே திரும்பினார்.

அன்று அங்கே தங்கி, மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு, எங்களுக்காக வந்திருந்த ஊர் பஸ்ஸில் புறப்பட்டோம். அவர் பின்னால், கடைசி இருக்கையின் மூலையில் மகளோடு உட்கார்ந்தார். கல்முனை நெருங்க நெருங்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் கலகலப்பு. பொதிகளை இறக்கி வைத்தார்கள், முக்காடுகளைச் சரிசெய்தார்கள். நான் மட்டும் பஸ் எங்காவது பழுதாகி நிற்கக்கூடாதா என்று நினைத்தேன். சாச்சியின் பிள்ளைகளிடம் சொல்ல ஒரு வசனத்தை மனதுக்குள் கட்டிக் கட்டிக் கலைத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை முகப்பில் பஸ் நின்றது. மகளை நான் வாங்கிக்கொண்டு இறங்க, அவர் எனக்கு முன்னால் காலை இழுத்து இழுத்து நடந்தார். வளவுக்குள் போனதும் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பெரியும்மாவின் வீட்டை நோக்கிப் போனார். அங்கே கூடியிருந்தவர்கள் ஸலாம் சொல்ல வாய் திறந்தபடியே நின்றார்கள். அவர் பூட்டில் கையை வைத்தார்.

“உம்மா!”

சின்னவள் ஓடி வந்தாள். அவருடைய கை பூட்டிலேயே இருந்தது. “உம்மா! எனக்கு என்ன கொண்டு வந்தீங்க?”

ஒன்றரை மாதத்துக்கு மேலாக அந்தச் சொல்லால் அவரை யாரும் கூப்பிடவில்லை. பெரியும்மாவை ஆயுசு முழுக்க யாருமே அப்படிக் கூப்பிட்டதில்லை. இது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை, பிறகு எத்தனையோ தரம் தோன்றியிருக்கிறது. அவர் தோள்கள் ஒருமுறை உதறின. திரும்பி, கண் கூசுகிறவர் போல எங்கள் எல்லாரையும் பார்த்தார். பிறகு, “என்ட கிளியே!” என்று கத்திக்கொண்டு பிள்ளையை வாரித் தூக்கி, இரண்டு காலையும் திடமாக ஊன்றித் தன் வீட்டுக்குள் போனார். நொண்டல் இல்லை. காலில் செருப்பும் இல்லை.

நான் அழுதுகொண்டு நின்றேன். ஒழுங்கை முகப்பில், மற்றவர்களை நிந்தவூரில் இறக்குவதற்காகப் பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. என் இடுப்பில் இருந்த மகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பெரியும்மா இறங்கல்லியே உம்மா” என்றாள். பிறகு பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள், யாரோ ஆட்டிய கைக்குப் பதிலாக ஆட்டுவதுபோல. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று சில நாட்களில் நினைக்கிறேன். பார்க்காததே நல்லது என்று மற்ற நாட்களில் நினைக்கிறேன்.

மறுநாள் சாரதி செருப்பைக் கொண்டுவந்து தந்தார். கடைசி இருக்கைக்குக் கீழே கிடந்ததாம். “சியாரத்துக்குப் போன காலு, செருப்ப மறந்து வந்திட்டு” என்று சிரித்தார். நான் அதைச் சாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்ததும் கை நின்றது.

“இது ராத்தாட செருப்பெல்லோ? எங்க கிடந்தது புள்ள? அவட சாமான் எல்லாத்தையும் அப்பவே குடுத்திட்டமே.”

அஜ்மீர்க் கடையை அவருக்கு நினைவில்லை. அந்த நெரிசலுக்குள் நுழைந்ததுவரை சொல்வார். அதற்குப் பிறகு நல்ல உறக்கம் வந்தது என்பார். நான் செருப்பைத் துவாயில் சுற்றி வைத்தேன். எறியவும் மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

இப்போது தலைமன்னாரில் இருந்து கப்பல் ஓடுவதில்லை. கப்பல் என்ன, சண்டையால் பக்கத்து ஊர் காரைதீவைத் தாண்டிப் போவதற்கே யோசிக்கவேண்டிய காலமாகிவிட்டது. பின்னேரம் ஆனால் எல்லாரும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறோம். நான் மற்றவர்களை விடச் சற்று முந்தியே சாத்துகிறேன். சாச்சி நன்றாக இருக்கிறார். அவருடைய சின்னவள் அவரை விட உயரமாகிவிட்டாள். என் மகளுக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் வந்துவிட்டன. காய்ச்சல் தடிமல் கூட அவளுக்கு அதிகம் வருவதில்லை.

போன கிழமை வெயில் வந்தபோது செருப்பைக் காய வைத்தேன். பள்ளிக்கூடத்தால் வந்த மகள், “இது ஆர்ட உம்மா?” என்று கேட்டாள்.

“உனக்கு ஞாபகமில்லையா? கப்பல்ல போனமே, பெரியும்மா...”

“கப்பல்ல போனமா?” என்றாள். அவளுக்குக் கப்பல் நினைவில்லை, ரயில் நினைவில்லை, அந்த மணல் காற்றும் நினைவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. முகில் கறுத்து ஒரு துளி விழவே, “அதைத் தூக்கி வாசலுக்குள்ள வை மகள்” என்றுவிட்டுக் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை விரித்திருந்தாள். செருப்பு வாசலில் இருந்தது. இடது செருப்பு கதவைப் பார்த்து நேராக. வலது செருப்பு வெளிப்பக்கம் திரும்பி.

நான் அதை நேராக்கவில்லை. துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனேன்.