நாற்பது டேப்புகளைத் தேடிப் பேர்லேண்டுக்கு

பாரிஸில் ஒரு சமையலறையில் தொடங்கி, பதினோரு இசைத்தட்டுகளோடு நின்றுபோன ஒரு சிறிய கம்பெனியின் வரலாற்றை இரண்டு வருடமாக இங்கே எழுதி வருகிறேன். துறைமுகத் தொழிலாளிகள், ஓட்டலில் பாத்திரம் கழுவியவர்கள் என்று பெரிய கம்பெனிகள் உள்ளேயே விடாதவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தவர்கள் இரண்டு நண்பர்கள். லுக் இன்னமும் பாரிஸில். மற்றவர் பாண்டிச்சேரிக்காரர், ஜோசஃப் அங்கிள். எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக டெக்சாஸ் வந்து, ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டிலேயே தங்கிவிட்டார்.

அந்தத் தட்டுகளை ஏன் மறுபடி வெளியிடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூல டேப்புகள் ஜோசஃபிடம் இருக்கின்றன, அவன் பதிலே போடுவதில்லை என்கிறார் லுக். எனக்கும் ஆறு மின்னஞ்சலுக்குப் பிறகு ஒரே வார்த்தைதான் வந்தது: ‘வாங்க’.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நான் இருக்கும் பிஸ்கட்டவேயிலிருந்து கிளம்பினேன். காலை ஆறு மணி விமானம் எட்டேகாலுக்குப் புறப்பட்டது. ஹூஸ்டனில் வாடகைக் காருக்கு ஐம்பது நிமிட வரிசை. அங்கிருந்து நாற்பது மைல். ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கிள் முடிவெட்டப் போயிருக்கிறாராம். அவர் மனைவி தெரேஸ் ஆன்ட்டி சாப்பாடு போட்டார். திரும்பி வந்த அங்கிள் கூரை ரிப்பேர், இன்ஷூரன்ஸ், புல்வெளி என்று ஒரு மணி நேரம் பேசினார். எனக்கோ ஏழு மணிக்குத் திரும்பும் விமானம்.

பொறுக்க முடியாமல் டேப்புகளைக் காட்டுங்கள் என்றேன். கராஜுக்குக் கூட்டிப்போனார். அலமாரிகள் காலி. சுவரில் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை.

“நாப்பது பாக்ஸ்மா. Flood-ல எல்லாம் போச்சு. அவன் நம்பிக் குடுத்தது. எப்படிச் சொல்லுவேன்?”

சொல்லாமல் எத்தனை வருடம்! எனக்கு வந்தது பரிதாபமில்லை, கோபம். இப்போதே லுக்கிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் எழுதித்தான் அவருக்குத் தெரியவரும் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். ஆன்ட்டி போனைக் கொண்டுவந்து, லுக்கின் நம்பரைப் போட்டு அங்கிள் கையில் வைத்தார்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அங்கிள் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு லுக் பேசுவதையே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

“டேப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தண்ணி வந்தன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் எங்க படுத்தீங்கன்னு கேக்குறான்.”

எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. இதை ஒரு போனில் முடித்திருந்தால் என் சனிக்கிழமை மிஞ்சியிருக்கும். ஆனால் என் மின்னஞ்சல்களிலும் டேப் எங்கே என்ற கேள்வியைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் வாடகைக் காரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், பேர்லேண்டில் கார் இல்லாமல் நகர முடியாது. என்னைப் போல அன்றே திரும்ப டிக்கெட் போடாதீர்கள். நாலரைக்கு நான் கிளம்பும்போது அங்கிள் இன்னும் போனில்தான் இருந்தார். வாசல் வரை வந்து வழியனுப்பியது ஆன்ட்டிதான்.