அரைமண்டி போட ஈசூன் வரை

பரதநாட்டியம் கற்றுக்கொள்ள வெளிநாடுகளிலிருந்து தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் ஆட்கள் வருகிறார்கள். நான் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போனேன். சென்ற ஜூலை மாதம், என் அறுபத்தெட்டாவது வயதில், முப்பது நாள். இந்த வலைப்பதிவில் இதுவரை கோயில் ஊர்களின் பேருந்து நேரங்களைத்தான் எழுதி வந்திருக்கிறேன். இதை எழுதலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். காரணத்தை மறைத்துவிட்டு நேரத்தையும் கட்டணத்தையும் மட்டும் எழுதினால் அது பித்தலாட்டம். ஆகவே முதலில் காரணம்: ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் போனேன்.

முப்பத்தொரு ஆண்டு கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் சும்மா இருந்தபின், கடந்த இரண்டு ஆண்டுகளாக, அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, காணொளிகளைப் பார்த்துத் தட்டடவு பழகினேன். அரைமண்டியில், அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், காலால் தரையைத் தட்டும் முதல் பாடம் அது. எட்டு வகை, ஒவ்வொன்றையும் மூன்று வேகத்தில் செய்ய வேண்டும். என் மனைவி லலிதா ஒருநாள் கதவுக்கு வெளியே இருந்து சொன்னாள்: "சுவத்துக்கே ஆடிக் காட்டிட்டு இருங்க. அது ஒண்ணும் சொல்லாது."

ஆசிரியர் இல்லாமல் இனிமேல் முடியாது என்று தெரிந்தது. உள்ளூர் வகுப்பின் வாசல் வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். பிள்ளைகளை அழைத்துவந்து காத்திருந்த பெற்றோரில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். லலிதாவின் தம்பி அரசு, சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் இருக்கிறார். மைத்துனர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முழங்காலை மருத்துவரிடம் காட்டினேன். பார்த்துச் செய்யுங்கள் என்றார். எதை என்று நான் சொல்லவில்லை, அது தவறு.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், போக வர 19,400 ரூபாய். காலை 10.50க்குப் புறப்பட்டு அங்கே மாலை 5.20க்கு இறங்கினேன். இரண்டரை மணி நேரம் கடிகாரத்தை முன்னே தள்ள வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஈசூனுக்கு ரயிலில் இரண்டு முறை மாறி, ஒரு மணி இருபது நிமிடம். இரண்டரை வெள்ளிக்குள் ஆயிற்று. (டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்கிறார்கள்.) டாக்சி பிடித்தால் அதைப்போலப் பத்து மடங்கு கேட்கும்.

வகுப்பு தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தொன்றில், ஒரு மளிகைக் கடையின் மாடியில். ஈசூனிலிருந்து ஒரு மாற்றத்துடன் நாற்பத்தைந்து நிமிடம். நிலையத்திலிருந்து என் நடையில் 480 தப்படி. புதனும் சனியும் மாலை ஆறரைக்கு, மாதம் எட்டு வகுப்பு, 160 வெள்ளி. பெரியவர்களுக்கான வகுப்பில் என்னைத் தவிர ஐந்து பேர், எல்லோரும் பெண்கள். டீச்சர் கோமதி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயது இருக்கும். தட்டுக்கழியால் பலகையைத் தட்டி, 'தெய்யா தெய்' என்று சொற்கட்டு சொன்னார். நான் இரண்டு ஆண்டு உழைப்பைக் காட்டினேன். நான்காவது தட்டிலேயே கழியைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கிள், யார்கிட்ட படிச்சீங்க?"

"காணொளி."

"அதான் பார்த்தேன். எல்லாத்தையும் லெஃப்ட் கால்ல ஸ்டார்ட் பண்றீங்க லா. ரைட்டுதானே முதல்ல?"

காணொளியில் சொல்லிக்கொடுத்த அம்மையார் என்னைப் பார்த்து நின்று ஆடினார். அவர் வலக்கால், திரையில் என் இடப்பக்கம் இருந்தது. கண்ணாடியைப் பார்ப்பதுபோல அப்படியே செய்திருக்கிறேன். இரண்டு ஆண்டு, நாளுக்கு நாற்பது நிமிடம், எல்லாம் இடவலம் மாறிப்போனது. அன்றே டிக்கெட்டை மாற்றிவிடத் தோன்றியது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, குடும்பத்தார் முன்னால் எல்லோரும் எட்டு அடவையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்து காட்ட வேண்டும் என்றார் டீச்சர். என்னைப் பார்த்துக் குரலை இறக்கி, "உங்களுக்கு முடியலன்னா ஒரு நாற்காலி போட்டுடுறேன் அங்கிள். உட்கார்ந்து கை, முகம் மட்டும் பண்ணலாம். அழகாத்தான் இருக்கும்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் கைக்கும் முகத்துக்கும் ஆசைப்பட்டு வரவில்லை. "நின்றே செய்கிறேன்," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

மறுநாள் மைத்துனரின் ஒன்பதாம் மாடி வீட்டில் பயிற்சியைத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் அழைப்புமணி. எட்டாம் மாடியின் சீன மூதாட்டி நின்றிருந்தார். கோபமே இல்லாமல் ஆங்கிலத்தில் கேட்டார்: "அலமாரி நகர்த்துறீங்களா? தினமும் நகர்த்துவீங்களா?"

மாலையில் மைத்துனர் சொன்னார்: "அத்தான், கம்ப்ளெயின்ட் ஆச்சுன்னா எனக்குத்தான் லெட்டர் வரும். கீழ வாய்ட் டெக்ல பண்ணுங்க. இங்க யாரும் யாரையும் கண்டுக்க மாட்டாங்க."

வாய்ட் டெக் என்பது அடுக்குமாடிகளின் தரைத்தளம். வீடுகள் இல்லாமல், தூண்களும் கல்மேசைகளுமாகத் திறந்து கிடக்கும். மூன்று நாள் அங்கே உட்கார்ந்து, கால்மணி நேரத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று குறித்தேன். பிற்பகல் இரண்டு முதல் மூன்று வரை மிகக் குறைவு, சராசரி நான்கு பேர். எட்டு வெள்ளிக்கு ஒரு தடித்த ரப்பர் விரிப்பு வாங்கி, அந்த நேரத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்று தொடங்கினேன். ஒன்பது நாள் எந்தச் சிக்கலும் இல்லை. வலக்கால் மெல்ல முந்தத் தொடங்கியது.

என் கணக்கில் மழை இல்லை. பத்தாம் நாள் 2.20க்குக் கொட்டியது. கட்டடத்துக்கு வெளியே கயிற்று மேடையில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்த ஆறு பேர் இறங்கி உள்ளே ஓடி வந்தார்கள். ஆறு பேரும் தமிழர்கள்.

"ஏய், பெருசு குதிக்குது பாருடா."

"குதிக்கலடா, பரதநாட்டியம். ஸ்கூல் ஆண்டு விழால ஆடுவாங்கல்ல, அது."

"நிறுத்தாதீங்க பெரியவரே. மழை விடுற வரைக்கும் எங்களுக்கும் வேலையில்ல."

விரிப்பைச் சுருட்டினேன். ஒருவர் மட்டும் கிட்டே வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். "ஐயா எந்த ஊரு?" பொய் சொல்லியிருக்கலாம். திருச்சி என்றேன். "நமக்குத் துறையூரு, முருகேசன்," என்றவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் சார்தானே? எங்க அக்காவ ஃபெயிலாக்கினீங்களே!"

"மறுபடி எழுதித் தேறியிருப்பாளே?"

"தேறுச்சு, தேறுச்சு. பேங்க்ல இருக்கு. இருங்க, இத அதுக்கு அனுப்பணும்."

அதற்குள் அவர் எடுத்து முடித்திருந்தார். நான் ஒன்பதாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் காணொளி துறையூர் போய்விட்டது. ஐந்து மணிக்குள் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் குழுவுக்கே வந்துவிட்டது. ஒருவர், "பாவம், பிள்ளைகள் யாராவது கூட இருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "இந்த வயதில் இது தேவையா?" என்று எழுதிக் கைகூப்பும் படம் போட்டிருந்தார். பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள், எண்ணினேன். மைத்துனருக்கு முகம் கொடுக்க முடியவில்லை. "டிக்கெட்ட முன்னாடியே மாத்திடலாமா அத்தான்?" என்றார்.

லலிதா அழைத்தாள். "பாத்தேன். முதுகு வளையுது உங்களுக்கு," என்றாள்.

அந்தக் காணொளியைப் பதினொரு முறை பார்த்தேன். முதல் நான்கு முறை, சிரித்தவர்களின் கண்ணால் பார்த்தேன், கேவலமாகத்தான் இருந்தது. ஐந்தாம் முறை வலக்கால் முதலில் போவது தெரிந்தது. ஏழாம் முறை, முதுகு வளைவது உண்மைதான் என்று தெரிந்தது. அதை டீச்சருக்கு அனுப்பினேன். "சைட் வியூ வேணும் அங்கிள்," என்று பதில் வந்தது. பிறகு பேராசிரியர் குழுவில் எழுதினேன்: "இது தட்டடவு. இரண்டாம் காலம் சரி, மூன்றாம் காலத்தில் தவறுகிறேன். தேவையா என்று கேட்ட நண்பருக்கு: ஆம்." என் வாழ்நாளில் நான் எழுதிய மிகத் துணிச்சலான வாக்கியம் அந்த ஒற்றைச் சொல்.

மறுநாள் இரண்டு மணிக்குப் போகவில்லை. பன்னிரண்டரைக்கு, அவர்கள் பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் நேரம் பார்த்துப் போனேன். தூணுக்கு முன்னால் விரிப்பைப் போட்டேன்.

"முருகேசன், பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். பாதம் முதல் தலை வரை தெரிய வேண்டும்."

"சார், நேத்து அனுப்பினதுக்குக் கோவமா?"

"கோபம்தான். நேராகப் பிடி."

ஒருவர் சோற்றுக் கையோடு தாளம் போட்டார், தப்பாக. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

கடைசிச் சனிக்கிழமை மாடியில் முப்பது பேர். மைத்துனரும் வந்திருந்தார். டீச்சர் காதருகே, "நாற்காலி?" என்றார். தலையசைத்து மறுத்தேன். முதல் இரண்டு காலத்திலும் எட்டு அடவும் வந்தன. மூன்றாம் காலத்தில் ஏழாவதில் தொடை நடுங்கிக் கால் குழம்பியது, எட்டாவதை விட்டுவிட்டு அரைமண்டியிலேயே நின்றேன். நிமிரவில்லை, உட்காரவும் இல்லை. கழி ஓய்ந்தபின் மற்ற ஐவரோடு தரையைத் தொட்டுக் கும்பிட்டேன். "டூ மிஸ்ஸிங் அங்கிள்," என்றார் டீச்சர். கணக்கு சரி.

போக நினைப்பவர்களுக்கு: வகுப்பில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு இடம் உறுதி செய்யுங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் தட்டாதீர்கள். காணொளி பார்த்துப் பழகுகிறவர்கள், ஆடுபவரின் முதுகு தெரியும்படி எடுத்ததைத் தேடுங்கள். விமானக் கட்டணம் நீங்கலாக எனக்கு 412 வெள்ளி செலவானது. தங்குமிடம் மைத்துனர் புண்ணியம்.

தெரிந்தவர் கண்ணில் படாமல் கற்க விரும்புகிறவர்களுக்குச் சிங்கப்பூர் ஒத்துவராது. எந்த ஊரும் ஒத்துவராது என்று இப்போது நினைக்கிறேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அடுத்த பாடமான நாட்டடவு தொடங்கியிருக்கிறேன். காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது சாய்கிறேன். காணொளியைக் கீழே இணைத்திருக்கிறேன்; சிரித்து முடித்தபின், எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று எழுதுங்கள்.