தொன்னையில் வைத்த கொய்யா

மூன்று ஆண்டுகளுக்கு முன், திருவண்ணாமலையில் உள்ள ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு மாணவியின் தாள் என்னை யோசிக்க வைத்தது. நன்றாகப் படிக்கிற பெண். பிளாஸ்டிக்கை ஏன் தவிர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இடம் விட்டு, ஒன்றுமே எழுதாமல் வைத்திருந்தாள். வகுப்பில் மற்ற எல்லோரும் வரிக்கு வரி ஒரே மாதிரி பதில் எழுதியிருந்த கேள்வி அது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்.

“எங்கம்மா கிரிவலப் பாதையில பழம் வெட்டி விக்கறாங்க டீச்சர். பிளாஸ்டிக் கவர்ல போட்டுத்தான் குடுப்பாங்க. அத யூஸ் பண்றவங்க பூமியக் கெடுக்கறாங்கனு எழுதினா, எங்கம்மாவத்தான் எழுதற மாதிரி இருக்கு.”

இதை வகுப்பில் பேசலாமா என்று கேட்டேன். பேசலாம், ஆனால் நானேதான் சொல்வேன் என்றாள். மறுநாள் எழுந்து நின்று அப்படியே சொன்னாள்.

யாராவது சிரித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். யாரும் சிரிக்கவில்லை. அம்மா கவரை நிறுத்திவிடட்டும் என்றாள் ஒருத்தி. கவர் இல்லாமல் கொடுத்தால் நீ வாங்குவாயா என்று இன்னொருத்தி அவளை மடக்கினாள். பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஈர்க்குச்சியில் குத்திக் கொடுக்கலாம் என்றதும் வகுப்பே கைதட்டியது. அந்தப் பெண்தான் தலையாட்டி மறுத்தாள். கிரிவலம் வருகிறவர்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், தூக்கிப் போட்ட குச்சி காலில் குத்தும் என்றாள். கடைசியில், கோயிலில் பிரசாதம் தருகிற இலைத் தொன்னை போதுமே என்று முடிவானது.

அவளுடைய அம்மா அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. “பௌர்ணமி ஒருநாள்தான் டீச்சர் யாவாரம். அன்னிக்கி போச்சுன்னா அடுத்த மாசம் வரைக்கும் காத்துனு இருக்கணும்” என்றார். அதில் என்ன தவறு சொல்ல முடியும்? பாதி கவரிலும் பாதி தொன்னையிலும் வைப்பது, ஜனங்கள் எதை எடுக்கிறார்களோ பார்ப்பது என்று மகள்தான் சமாதானம் பேசினாள்.

பௌர்ணமியன்று சாயங்காலம், பெற்றோரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சில மாணவிகளுடன் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போனேன். அவள் அம்மாவின் தள்ளுவண்டியில் கொய்யாவும் வெள்ளரியும் அடுக்கியிருந்தது. மாணவிகள் ஆர்வமாக “பிளாஸ்டிக்கை ஒழிப்போம், இயற்கையைக் காப்போம்” என்று குரல் கொடுத்தார்கள். நடந்து வந்தவர்கள் ஏதோ நன்கொடை கேட்கிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, விலகிப் போனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் கவரைத்தான் எடுத்தார்கள். தொன்னையில் இருந்த கொய்யா நிறம் மாறத் தொடங்கியது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பத்தின் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

அந்தப் பெண் சட்டென்று தோழிகளை நிறுத்தினாள். “அதெல்லாம் சொல்லாதீங்கடி. பழம் நல்லா இருக்குனு சொல்லுங்க.”

அதற்குப் பிறகு அவளே கத்தியை வாங்கினாள். முன்கூட்டியே நறுக்கி வைக்காமல், ஆள் வந்து நின்றதும் புதிதாக நறுக்கித் தொன்னையில் வைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எலுமிச்சை பிழிந்து நீட்டினாள். வாசனைக்கே ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். நின்று சாப்பிட்டதால் தொன்னையை எங்கே போடுவது என்று கேட்டார்கள். மாணவிகள் கூடையை நீட்டினார்கள். இருட்டுவதற்குள் தொன்னைகள் தீர்ந்துவிட்டன. கவர்களும் விற்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். நடந்துகொண்டே சாப்பிட நினைப்பவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா எங்கள் எல்லோருக்கும் கொய்யா கொடுத்தார். மகளிடம், “அடுத்த பௌர்ணமிக்கு தொன்னை ஜாஸ்தியா வாங்கிக்கலாம், கவர் கம்மி பண்ணிக்கலாம்” என்றார். அவள் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பை எந்த மதிப்பெண்ணுக்கும் நான் எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சுற்றுச்சூழல் பாடத்தை ஆரம்பிக்கும் முன் நான் மாணவிகளிடம், உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று முதலில் கேட்கிறேன். ஒருத்தியின் அப்பா வேர்க்கடலைக் கொல்லையில் மருந்து அடிக்கிறவராக இருப்பார், ஒருத்தியின் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவராக இருப்பார். யாரையும் குற்றவாளியாக்காமல் வழி தேட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. தாயையும் விட்டுக்கொடுக்காமல் மலையையும் விட்டுக்கொடுக்காமல் யோசிக்கிற மனசு அவர்களிடம் இருக்கிறவரை, நாளையைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.