முன் அச்சில் வைத்த பட்டி

எண்பதுகளின் பிற்பாதியில் ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் எனக்கு வேலை. ஸ்பிரே கன் பிடிப்பவன். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். தேன்கனிக்கோட்டை ரோட்டில் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த ஐந்து வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் பின்பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, தோட்டத்து ஆட்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசுவார். என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த நாளில் நான் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டேன். அவர்தான் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நான் வந்து சேரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு நான் செய்த காரியத்துக்கு அந்த நன்றிக்கடனைத்தான் பல வருஷம் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

அவருடைய மாட்டுக்கொட்டகையில் ஒரு குட்டி டிராக்டர் கிடந்தது. இடுப்பு உயரம்தான் இருக்கும். முன்னொரு காலத்தில் பூந்தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போனபோது, வீட்டுக்காரரின் அப்பா வாங்கிப்போட்டதாம். இன்ஜின் நன்றாகவே ஓடியது. ஆனால் அதற்கு நிறம் என்று ஒன்று இல்லை. துரு, கோழி எச்சம், யாரோ எப்போதோ பிரஷ்ஷால் இழுத்த பச்சை, அதற்கடியில் ஒரு சிவப்பு. புதிதாகப் பவர் டில்லர் வாங்கிவிட்டதால் அதை விற்றுவிட நினைத்தார். பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் நல்ல ஆளாகப் பார்த்துத் தள்ளிவிடலாம் என்றார். நான் உடனே சரி என்றேன்.

காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்கவே பத்து நாள் ஆனது. டீசல் டேங்கைக் கட்டியிருந்த தகட்டுப் பட்டையைக் கழற்றியபோது, அதற்கடியில் இரண்டு விரல் அகலத்துக்கு அதன் முதல் நிறம் அப்படியே இருந்தது. அடர்ந்த நீலம். வெயில் படாமல், மழை படாமல், முப்பது வருஷமாக அங்கே ஒளிந்திருந்த நீலம். அந்தத் தகட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்து பார்த்தேன். முதல் தடவை வெளிறிப்போனது. இரண்டாம் தடவை கறுப்பு கூடிவிட்டது. மூன்றாம் தடவை, காய்ந்தபிறகு எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை.

தொழிற்சாலையில் கன்வேயரில் தொங்கிக்கொண்டு பாகங்கள் வரும். நான் அடிப்பேன், அது போய்விடும். அது எந்த வண்டியில் போய்ச் சேர்ந்தது, யார் ஓட்டுகிறார்கள் என்று ஒருநாளும் தெரியாது. இங்கே ஒரு முழு வண்டி என் கையில் இருந்தது. ப்ரைமர் அடித்துத் தேய்த்து, மறுபடி அடித்துத் தேய்த்து, பானெட்டிலும் மட்கார்டிலும் மூன்று கோட் நீலம் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன் அச்சைக் கடைசியாகத்தான் எடுத்தேன். இரண்டு முன்சக்கரத்தையும் தாங்குகிற வார்ப்பிரும்புக் கட்டை அது. நடுவில் ஒரு துளை, அதில் இரும்புப் பின் ஒன்றைப் போட்டு வண்டியோடு சேர்த்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது அந்தத் துளைக்குப் பக்கத்தில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. கீறலாக இருக்கும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் தூவினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளில் ஈரக் கோடு ஒன்று எழும்பியது. உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பி வெளியே கசிந்தது. விரிசல்தான். கட்டையில் பாதி ஆழத்துக்காவது போயிருந்தது. ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்கிற ஆள் ஓசூரில் இல்லை, பெங்களூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன்.

"பத்து வருசமா அது அப்பிடியேதான் இருக்கும் தம்பி. ஒண்ணும் ஆவலயே. பட்டி வச்சு மூடிடு," என்றார்.

அவர் கட்டாயப்படுத்தவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் மறுத்திருந்தால் முனகிக்கொண்டே ஜீப்பை எடுத்துப் பெங்களூருக்குப் போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அச்சைக் கழற்ற வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதையும் தூக்கிப் பிரிக்க வேண்டும். நான் இழைத்து இழைத்து முடித்த பானெட்டில் சங்கிலி உரசும். ஸ்பேனர் வழுக்கினால் பெயிண்ட் பெயரும். அந்த நீலத்தில் ஒரு கீறல் விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நன்றிக்கடன் பாதி என்றால் மீதிப் பாதி இதுதான்.

மேடுபள்ளத்தை நிரப்புகிற பட்டியைத் தகட்டில் குழைத்து விரிசலில் அழுத்தி வைத்தேன். காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டாம் முறை மெல்லியதாக இழுத்தேன். அதன்மேல் ப்ரைமர், அதன்மேல் நீலம். முடித்தபிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தேடினேன். கிடைக்கவில்லை. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

வாங்க வந்தவர்கள் அஞ்செட்டிப் பக்கத்து மலையூரிலிருந்து வந்த புருஷனும் மனைவியும். ராகியும் கொள்ளும் விதைக்கிறவர்கள். சரிவில் படிப்படியாகச் சின்னச் சின்னக் காடு, பெரிய டிராக்டர் திரும்பாது, இதுதான் சரியாக இருக்கும் என்றார் அவர். அந்த அக்கா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மழையில் நின்றால் சாயம் போகுமா என்று என்னைக் கேட்டார். தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள் என்று சொல்லி, மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவையும் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தபோது அக்காவின் புருஷன் என்னிடம் வந்தார்.

"நீங்க வேல செஞ்சவரு. நட்டு நட்டா பாத்திருப்பீங்க. வண்டி நல்லா இருக்குதுங்களா?"

"பெயிண்ட் வேலைக்கு நான் பொறுப்புங்க," என்றேன்.

கவனமாகத் தேர்ந்தெடுத்த பதில். பொய் இல்லை. அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் கழித்து வீட்டுக்காரர்தான் செய்தி சொன்னார். எருமூட்டை ஏற்றிக்கொண்டு மேல் காட்டிலிருந்து கீழ்க் காட்டுக்கு இறங்கும்போது வண்டி மூக்குக்குத்தி விழுந்துவிட்டதாம். தூக்கியெறியப்பட்டவரின் கால் மட்கார்டுக்கு அடியில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மலைக்காட்டில் எப்படி ஓட்டினானோ என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போனேன். தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, அஞ்செட்டியில் இறங்கி, ஒன்றரை மணி நேரம் நடந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் டிராக்டர் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அச்சு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. உடைந்த பரப்பில் பாதி புதுசாக, சாம்பல் நிறத்தில் மினுங்கியது. மறுபாதி பழைய துரு. துருவின் விளிம்பில் நான் வைத்த பட்டி ஒரு வெள்ளைக் கோடாக, அதன்மேல் நீலம் ஒரு மெல்லிய தோலாக.

அவர் கட்டிலில் கிடந்தார். காலுக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று அவரே ஆரம்பித்தார். நாலு மூட்டை போதும் என்று மனைவி சொன்னாளாம், இவர்தான் ஆசைப்பட்டு ஆறு ஏற்றினாராம், வரப்பைக் கவனிக்கவில்லையாம். இவ்வளவு தூரம் பார்க்க வந்தீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட்டேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அச்சை நான் கொண்டுபோய்ப் புதிதாக வார்த்துக்கொண்டு வருகிறேன் என்றேன். இரண்டு துண்டையும் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். உதவி செய்யத்தான் எடுத்தேன். ஆனால் அந்த ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு நிம்மதி வந்தது. பார்க்கிறவர்கள் பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய ஒரே சாட்சி என் தோளில் இருந்தது.

தொழிற்சாலையில் பழக்கமான ஒருவர் மூலம் பவுண்டரியில் சொல்லி வார்த்துத் துளையிட்டு வாங்க மூன்று மாதம் பிடித்தது. எடுத்துக்கொண்டு போனபோது அவருக்குக் கட்டு அவிழ்த்திருந்தார்கள். கால் கொஞ்சம் குட்டையாகக் கூடிவிட்டது, முட்டியும் சரியாக மடங்கவில்லை. வாசலில் கம்பு ஊன்றி உட்கார்ந்திருந்தார். இனிமேல் வண்டியைத் தொடமாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றார். மச்சான் ஓட்டட்டும் என்றார்.

அக்கா எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அச்சை மாட்டி பின்னைத் தட்டியபிறகு, குனிந்தபடியே, பழைய அச்சில் ஏற்கெனவே விரிசல் இருந்தது, எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

"எனக்கும் தெரியும் தம்பி," என்றார் அக்கா. "ஒடஞ்ச எடத்துல பாதி துருவு. அன்னைக்கு ஒடஞ்சதுல எப்பிடித் துருவு வரும்? மேல சுண்ணாம்பு அப்புன மாதிரி வேற இருந்துச்சு."

பிறகு ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். சோறு போட்டுட்டும் பாத்தேன். நீங்க சாக்குல கட்டித் தூக்கிக்கினு போயிட்டீங்க." கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அவருக்கு இன்னும் தெரியாது. தன் தப்புன்னே கெடக்கறாரு. நான் சொன்னா சமாதானம் சொல்றேன்னுதான் நெனப்பாரு. நீங்க போயி சொல்லுங்க."

கையைத் துடைக்காமலே வாசலுக்குப் போனேன். மண்ணெண்ணெய், சாக்பீஸ் தூள், பட்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நான் ஒதுங்கிக்கொள்வது போல இருக்கும்.

"அப்ப நான் ஓட்டுனதுல தப்பில்லீங்களா?"

"இல்லைங்க. நாலு மூட்டை ஏத்தியிருந்தாலும் ஒருநாள் ஒடஞ்சிருக்கும்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. கண் கலங்கியது. ஒரு நிமிஷம் அவர் சிரிக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் உங்களக் கேட்டேன் இல்லீங்களா," என்றார். "வண்டி நல்லா இருக்குதான்னு, உங்களத்தான் கேட்டேன்."

அவர் கம்பை ஊன்றி எழுந்து, மெதுவாக வீட்டுக்குள் போனார். அக்கா ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. சாயங்காலத்துக்கு முன்னால் கிளம்பினால்தான் காட்டைத் தாண்டலாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். உன்னை யார் சொல்லச் சொன்னது என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். எங்களைக் காலி செய்யச் சொல்லவும் இல்லை, பழையபடி பேசவும் இல்லை. அடுத்த வருஷம் நாங்களே பாகலூர் ரோட்டுப் பக்கம் வீடு மாறினோம். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விரிசலைப் பார்த்த அன்றைக்கே ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஆலைக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஒருவரிடம் விசாரித்தேன். அக்காவின் புருஷன் மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டாராம். மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, தானே உழுகிறாராம். சந்தோஷப்பட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் பட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்றாள் மனைவி. போகிறேன் என்றேன். இன்றுவரை போகவில்லை.