அரக்கு வைத்த அறை

காலை பத்து நாற்பது. என் மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அறையின் பூட்டில் துணி சுற்றி, அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள் மாநகராட்சி ஆட்கள். அனுமதியில்லாத மாடி என்று கதவில் தாள் ஒட்டினார்கள். தட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே ஆளில்லை என்பது அவர்கள் கணக்கு. ஓசூரில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: இரவு வேலை முடித்துத் தூங்குகிறவளை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று, பகல் வேலைக்குப் போகிற அறைத்தோழி வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். மாற்றுச் சாவி கீழ்வீட்டில் இருக்கும்.

இரண்டாவது மாடியில் அந்த அறையைக் கட்டியவர் வீட்டுக்காரர். ராகி விளைந்த நிலத்தில் வீடு எழுப்பியவர். பேச்சில் பாதி தெலுங்கு. மகளை அங்கே தங்கவைத்த அன்றே தகரக் கூரையைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். அவர் சிரித்தார். “தூணெல்லாம் நாலு மாடிக்குப் போட்டது, அக்கா. ரோடு சின்னதாம், ஒரு மாடிக்கு மேல கூடாதாம். ஜனம் மட்டும் எத்தன வேணும்னாலும் வரலாமாம்.” தெரிந்தேதான் விட்டுவந்தேன். வேறு அறை எங்கே இருந்தது? தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் பெண்கள் வேண்டும் என்று அனுமதி கொடுத்தவர்கள், அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தார்களா?

அரக்கு வைத்த அன்று, எங்கள் ஊர் பாரூரிலிருந்து அரிசிப் பையோடு ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது போன் வந்தது. “அம்மா, தகரம் கொதிக்குது. கதவு தெறக்க வரல.” ஆட்டோவில் ஓடினேன். கீழ்வீட்டுப் பெண் சாவியை நீட்டினாள். “அரக்க ஒடைச்சா கேஸாமேக்கா?”

சாவி என் கையில். உள்ளே மகள் கதவை அடிக்கிறாள். படித்தவள் நான், அரசாங்க முத்திரையைப் பார்த்து நின்றேன். எத்தனை நிமிடம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அரக்கை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போயிருந்த வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஏறிவந்தார். என்னைத் தள்ளிவிட்டு, கடப்பாரையால் ஒரே அடி. “கேஸுன்னா எம்மேல போடட்டும்!”

போட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் மாடியில் தூண் கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. அடுத்த தெருவில் புதிய தகரங்கள் ஏறிவிட்டன. அந்த அரக்குத் துண்டு என் கைப்பையில் கிடக்கிறது.

அன்று மூன்று மணிக்குத்தான் அதிகாரி வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார். ஈரத்துண்டு போர்த்திப் படியில் சரிந்திருந்த என் மகளைப் பார்த்தார். கையிலிருந்த வீட்டு அனுமதி வரைபடத்தைப் பிரித்து, நிதானமாகச் சொன்னார்:

“இந்த வீட்டுக்கு ரெண்டாவது மாடியே கெடையாதுங்களே. இல்லாத மாடியில உங்க பொண்ணு எப்படீங்க இருந்திருக்க முடியும்?”