சபை சொல்லாத வசனம்

மழைக்கு நன்றி சொல்லும் வேதாகமச் சங்கீதத்தை வாசிக்க அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். மூன்று நாளைக்கு முன்புதான் ஐப்பசியில் பெய்யும் துலா மாத மழை எங்கள் வாடகை வீட்டுக்குள் ஏறியிருந்தது. திருவனந்தபுரத்தில் ஓடைக்கரையில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் என் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்த படுக்கையான பிறகு வந்த முதல் வெள்ளம் அது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கறுத்த சாக்கடைத் தண்ணீர் மெத்தைக்கு மேல் வந்துவிட்டது. அவர் தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து, "சாரமில்ல சேச்சி, வெள்ளம் இப்ப இறங்கும்" என்று மலையாளத்தில் ஒரு குரல், பரவாயில்லை, தண்ணீர் வடிந்துவிடும் என்று ஆறுதல் சொன்னது. ஆறுதலை நான் கேட்கவில்லை, ஆளைத்தான் கேட்டேன். கடைசியில் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்த இரண்டு வங்காளிகள் ஓடிவந்து அவரைப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். அதற்குள் அவருக்குத் தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். அவர்தான் பிடிவாதமாக அனுப்பினார். வீட்டைக் கழுவியும் சேற்று நாற்றம் போகவில்லை. இரவல் மெத்தையில் கிடந்தவர் காதருகே, ஆராதனையை நேரலையில் கேட்கப் போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அறுப்பின் பண்டிகை. பீடத்தின் முன்னால் வாழைக்குலை, தேங்காய், பூசணி எல்லாம் அடுக்கியிருந்தார்கள். சபையில் ஒருவருக்கும் ஒரு சென்ட் வயல் கிடையாது. எல்லாம் சாலைச் சந்தையில் வாங்கியது. ஜூன் மாத இடவப்பாதி மழை நமக்கு வேதத்தில் சொன்ன முன்மாரி, இந்தத் துலாவர்ஷம் நமக்குப் பின்மாரி, ஆண்டவர் காலந்தவறாமல் தருகிறார் என்று போதகர் ஐயர் ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மழை வேதாகமத்து நாட்டில் கோதுமையை விளைவிக்கும். இங்கே என் வீட்டுக்குள் மலத்தைக் கொண்டுவந்து தள்ளியது.

அந்தச் சங்கீதம் ஒரு காலத்தில் எனக்கு உயிர். மலைகள் சந்தோஷத்தை இடுப்பில் கட்டிக்கொண்டதாகப் பாடியவன் உண்மையிலேயே மழையில் நனைந்து நின்று பார்த்தவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நனையாமலே தலையாட்டுகிறவர்கள்மேல் கோபம். ஆண்டவர்மேலும் கோபம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் வழக்கப்படி சங்கீதத்தை மாறி மாறி வாசிப்போம். வாசிப்பவர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். பாதி வரை ஒழுங்காகத்தான் வாசித்தேன். மழை வசனம் வந்ததும் நாக்கு எழவில்லை. பக்கத்தைப் புரட்டினேன். மழைக்கு நன்றி சொல்லும் அதே புத்தகத்தில், வெள்ளம் கழுத்துக்கு வந்துவிட்டது, காப்பாற்று என்று ஆண்டவரைப் பார்த்துக் கூப்பாடு போடுகிறவனும் இருக்கிறான். அவனை வாசித்தேன்.

சபை, தான் திறந்து வைத்திருந்த பக்கத்தையே வாசித்தது. சேற்றில் கால் நிற்கவில்லை என்றேன். மேய்ச்சல் நிலமெல்லாம் செழிக்கிறது என்றார்கள். கத்திக் கத்தித் தொண்டை காய்ந்துவிட்டது என்றேன். பள்ளத்தாக்குகள் பாடுகின்றன என்றார்கள். யாரோ ஒருவர் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார், பிறகு அவரும் குனிந்துகொண்டார்.

ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மாள் கையைப் பிடித்து, "நல்லா வாசிச்சீங்க, கேட்டேளா. இந்த வருசம் மழ பெரிய அனுக்கிரகம்" என்றார். கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குடையை மூலையில் எறிந்தேன். "ஒருத்தருக்கும் கேக்கல்ல. அங்க ஒருத்தருக்கும் காதே கெடையாது."

"எனக்குக் கேட்டுது" என்றார் அவர். "நீ பக்கத்த மாத்துன ஒடனே தெரிஞ்சு போச்சு."

ஞாயிறு பள்ளியில் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவர் அவர்.

"மேல இருக்கவருக்குக் கேட்டுதா? கேட்டுதுன்னா பதில் சொல்லட்டும். அண்ணைக்கும் சொல்லல்ல, இண்ணைக்கும் சொல்லல்ல."

"சொல்லியாச்சே பிள்ள" என்றார். "நீ வாசிச்ச சங்கீதத்துல சபை சொல்ல வேண்டிய வசனத்த நான் இஞ்ச கெடந்து சொன்னேன்."

எனக்குக் கோபம் போகவில்லை. வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. வேதாகமத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலில் நிறுத்திய இடத்திலிருந்து வாசித்தேன். ஒரு வசனம் நான், ஒரு வசனம் அவர்.