இலவச வேனில் போய்ப் பார்த்த வீடு

எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஒரே பட்டிமன்றம். விழுப்புரம் டவுனுக்குள் இரண்டு அறை கொண்ட பழைய வீட்டை வாங்குவதா, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் போகும் வழியில் புதிதாக முளைத்த நகரில் மாடி வைத்த வீட்டை வாங்குவதா? பழையது என் கட்சி. புதியது என் வீட்டுக்காரர் கட்சி. நடுவர் என்று யாரும் இல்லாததால் இட்லி ஆறும்வரை பேசிக்கொண்டே இருப்போம்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. டவுனில் சொல்லும் விலையில் பாதிதான் அங்கே. அவருக்கு வேலையும் திண்டிவனத்தில். ஆனால் என் வேலை விழுப்புரத்தில், ஒரு பல் டாக்டரிடம். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, அலறுகிற பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் நான்தான். கிளினிக் மூட இரவு எட்டு ஆகும். இப்போது நடந்தே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அங்கே குடிபோனால் வேலைக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதுதான்.

"ஏன் உடணும்? பஸ்சு ஓடிக்கினேதான இருக்குது?" என்பார்.

"ஓடிக்கினுதான் இருக்குது. நிக்கணுமே."

"எது சொன்னாலும் ஒரு நொட்டை சொல்லிக்கினே இரு நீ."

இத்தனைக்கும் அந்த வீட்டை மூன்று முறை பார்த்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் விற்கிறவர்களே விழுப்புரத்திலிருந்து இலவசமாக ஏசி வேன் விடுவார்கள். போனதும் மோர், பார்த்து முடித்ததும் பிரியாணி. மூன்றாம் முறை இலை போட்டபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. இவ்வளவையும் தின்றுவிட்டு எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? கை கழுவும்போது என் வாயிலிருந்தே "நல்லாத்தான் இருக்குது" என்று வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அட்வான்ஸ் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மூன்று முறை போனோமே, ஒரு முறையாவது நாமாகப் போனோமா? அட கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். புதன்கிழமை லீவு போட்டு, அவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அங்கெல்லாம் நிற்காது என்று கண்டக்டர் கூட்டேரிப்பட்டிலேயே இறக்கிவிட்டார். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து ஏறினால், அதுவும் சாலைக்கு இந்தப் பக்கமே நின்றது. நான்கு வழிச் சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினேன். அப்புறம் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே நடை. ஒரு ஈ காக்கை இல்லை. வேனில் வந்தபோது ஏசிக்காகத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். இந்தத் தூரமெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

கட்டியிருந்த ஆறு வீடுகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன. ஆறாவதிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். பக்கத்து வீட்டை வாங்க இருக்கிறோம் என்றதும் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்விட்டார். பாண்டிச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்காரர். கணவர் குவைத்தில். ஊரில் இடத்தின் விலை எட்டவில்லை என்று, போனில் போட்டோ பார்த்தே அவர் வாங்கிய வீடாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் மாலைவரை இவர் மட்டும்தான்.

"தண்ணி சர்க்கரையாட்டம் இருக்கும்க்கா. ஒரு பேஜாரும் இல்ல," என்றபடி டீ கொடுத்தார்.

"கடைக்கு என்ன பண்றீங்க?"

"சனிக்கிழமையானா தம்பி வண்டில வந்து வாங்கிக் குடுத்துட்டுப் போவான்."

"நடுவுல எதுனா வேணும்னா?"

"நடுவுல இன்னாக்கா வேணும்," என்றவர் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். பிறகு, "ஜல்தியா வந்துடுங்கக்கா. டிவிகிட்ட பேசிக்கினு கெடக்குறேன்," என்றார். கிளம்பும்போது போன் நம்பர் வாங்கிக்கொண்டு, மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்தார். பிடித்த கையை அங்கேதான் விட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தம்மா தனியாவா இருக்குது?" என்று மட்டும் கேட்டார். காலையில், "டவுன் வீட்டையே முடிச்சிடலாம்," என்றார். வேலை தப்பியது. கிளினிக்கில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். பல் வலியோடு வந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, டவுன் வீட்டில் எங்கே பீரோ வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது. அந்தப் பெண்தான்.

"அக்கா, உங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு முருங்கைக் கொம்பு நட்டு வச்சேன். துளிர் உட்ருக்குது. நீங்க வர்றதுக்குள்ள கீரை பறிக்கலாம்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி ஊத்திக்கினு இருங்கம்மா, வந்துடுறோம்," என்று சொல்லிவிட்டேன்.